பந்து வராத பக்கத்தில் நிற்கும் பிள்ளை: தோட்டத்து உதைபந்தாட்ட அணியைப் புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு

மலையகத்துப் பாடசாலை ஒன்றிலோ தோட்டத்து இளைஞர் கழகம் ஒன்றிலோ 8 முதல் 14 வயது வரையான பிள்ளைகளின் உதைபந்தாட்ட அணியைப் பார்த்துக்கொள்ளும்படி உங்களைக் கேட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விசிலும் இரண்டு பந்தும் கையில் தந்திருப்பார்கள். அதற்குமேல் எதுவும் தந்திருக்க மாட்டார்கள். முதல் போட்டியிலேயே நீங்கள் காணப்போவது இதுதான்: மூன்று நான்கு பிள்ளைகள் ஓடி ஓடிக் களைத்துப்போகிறார்கள், மற்றவர்கள் நிற்கிறார்கள். நிற்கிற பிள்ளையைப் பார்த்து "ஓடு, ஓடு" என்று கத்துவதுதான் யாருக்கும் முதலில் வாயில் வரும். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் கத்தினேன். எங்கே ஓடுவது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது என்பதும், அதை நான் ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை என்பதும் பிறகுதான் எனக்கு உறைத்தது.

முதலில் எண்ணுங்கள்

முதல் இரண்டு போட்டிகளில் எதையும் திருத்த முயலாதீர்கள். ஒரு சிறிய கொப்பியை எடுத்துக்கொண்டு, ஆட்டத்தின் ஒவ்வொரு பாதிக்கும் ஒரு பிள்ளை என்று தெரிவுசெய்து, அந்தப் பிள்ளை பந்தைத் தொடும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போடுங்கள். பென்சிலால் போடுங்கள், இங்கே எந்த நேரம் தூறும் என்று சொல்ல முடியாது, பேனா மை கரைந்துவிடும்.

டிக்கோயாப் பக்கத்தில் நான் பயிற்சி கொடுத்த தோட்டத்து மைதானத்தின் ஒரு ஓரம் மேட்டு லயத்தை ஒட்டியிருக்கும். மறு ஓரம் பணியத் தேயிலைக்குள் சரிந்து இறங்கும். அந்தச் சரிவுப் பக்கத்தில் வலது ஓர ஆட்டக்காரனாக 11 வயதுப் பையன் ஒருவன் நிற்பான். ஒருநாள் 20 நிமிடம் அவனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் காலால் பந்தைத் தொட்டது 2 தடவை. கையால் தொட்டது 9 தடவை. பந்து தேயிலைக்குள் உருளும்போதெல்லாம் அருகில் நிற்பவன் அவன்தான் என்பதால், இறங்கிப்போய்ச் செடிகளுக்கிடையில் தேடி எடுத்துவந்து, எறிவதற்காக வேறொருவனிடம் கொடுத்துவிட்டு, திரும்பத் தன் இடத்துக்கு நடந்துபோவான். இடுப்புவரை ஈரமாயிருந்த அவனுடைய காற்சட்டையைப் பார்த்த அவனது தகப்பன், மகன் நன்றாக ஓடியாடுகிறான் என்று சந்தோஷப்பட்டார். அந்தப் பையனும் சும்மா நிற்கவில்லை என்றுதான் நினைத்திருப்பான். ஆட்டத்தில் தனக்கென்று ஒரு வேலையைத் தேடிக் கண்டுபிடித்திருந்தான். நாங்கள் கொடுக்காததால் அவனே எடுத்துக்கொண்ட வேலை அது.

ஒரு பிள்ளை ஒதுங்கி நிற்பதற்குக் காரணம் நாலைந்து இருக்கலாம். என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கலாம். பிழை விட்டால் ஏச்சு விழும் என்ற பயத்தில் நிற்கலாம். எவ்வளவு ஓடினாலும் கூட்டாளிகள் பந்தைத் தருவதில்லை என்று கண்டு அலுத்துப்போய் நிற்கலாம். உடம்பிலும் காரணம் இருக்கலாம்: காலையில் சாப்பிட்ட ரொட்டிக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் வந்திருக்கலாம், அண்ணனுடைய சப்பாத்தைத் துணி அடைத்துப் போட்டிருக்கலாம், தூரத்தில் வரும் பந்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாமலும் இருக்கலாம். இந்தக் கடைசி வகையை முதலில் விசாரியுங்கள், ஏனென்றால் அதைப் பயிற்சியால் தீர்க்க முடியாது. பிறந்த மாதத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே வயதுப் பிரிவில் நிற்கும்போது அவர்களுக்கிடையே 11 மாத வளர்த்தி வித்தியாசம் இருக்கிறது. 9 வயதில் அது சின்ன வித்தியாசமல்ல. திறமை இல்லை என்று நாம் ஒதுக்கும் பிள்ளைகளில் சிலர் பிந்திப் பிறந்தவர்கள் மட்டுமே.

ஆட்டத்தைச் சுருக்குங்கள்

இரண்டாவது படி ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறது. 22 பிள்ளைகள் 40 நிமிடம் ஆடுகிறார்கள். பந்து ஒருமுறைகூட வெளியே போகவில்லை, எல்லோருக்கும் சரிசமமாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பிள்ளையின் காலில் பந்து இருக்கக்கூடிய நேரம் 2 நிமிடத்துக்கும் குறைவு. அதே 40 நிமிடம் நாலுக்கு நாலு ஆடினால் அது 5 நிமிடமாகிறது. ஒதுங்கி நிற்க இடமும் இருக்காது, ஒளிந்துகொள்ள ஆளும் இருக்காது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 12 வயதுக்குட்பட்டவர்களின் போட்டிகளில் ஓர் அணிக்கு 9 பேருக்கு மேல் இறக்குவதில்லை. அதைவிடச் சின்னவர்களுக்கு எண்ணிக்கை இன்னும் குறைவு. நமது போட்டிகளின் எண்ணிக்கையை மாற்றுவது உங்கள் கையில் இல்லாவிட்டாலும் பயிற்சியின் எண்ணிக்கை முழுக்க முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறது. 16 பிள்ளைகள் வந்தால் எட்டுக்கு எட்டு வேண்டாம்; இரண்டு சிறு மைதானம் போட்டு நாலுக்கு நாலாகப் பிரித்துவிடுங்கள்.

கோல் கம்பத்துக்குச் செங்கல் வைக்காதீர்கள், கால் போய்விடும். மண் நிரப்பிய சோடாப் போத்தல் போதும். பந்து 12 வயது வரை 4ஆம் இலக்கமாக இருக்கட்டும். பெரியவர்கள் ஆடும் 5ஆம் இலக்கப் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர், நிறை 410 முதல் 450 கிராம். நனைந்த புல்லில் அதை 9 வயதுப் பிள்ளை ஒருதரம் உதைத்துப் பார்த்துவிட்டு இரண்டாம் தரம் உதைக்கப் பயப்படும்.

நமது மைதானங்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. டன்பார், டரவளை மைதானங்களைப் போன்ற நல்ல சமதளம் எல்லாத் தோட்டத்துக்கும் வாய்ப்பதில்லை. பெரும்பாலான விளையாட்டிடங்கள் மலையைக் கொத்திச் சமன்படுத்தியவை, ஒரு பக்கம் சாய்ந்தவை. சாய்வு ஓரக்கோட்டை நோக்கி இருந்தால் ஆட்டம் முழுவதும் பணியப் பக்கமே போய்ச் சேரும், மேட்டுப் பக்கத்துப் பிள்ளை பார்வையாளராகிவிடும். ஆகவே சிறு மைதானங்களைப் போடும்போது சாய்வு ஒரு கோலிலிருந்து மறு கோலை நோக்கி இருக்கும்படி போட்டு, 5 நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். தேயிலைக்குள் போகும் பந்தை எடுப்பதற்கு வெளியே நிற்பவர்களில் ஒருவரை முறைவைத்து நிறுத்துங்கள். ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளை பந்து தேடப் போகக் கூடாது என்பதை நான் சட்டமாகவே வைத்திருக்கிறேன்.

பந்து இல்லாதபோது என்ன வேலை

பெரும்பாலானோர் விட்டுவிடும் இடம் இதுதான். பந்தை உதைக்க, நிறுத்த, உருட்டிக்கொண்டு ஓடச் சொல்லித்தருகிறோம். ஆனால் ஆட்ட நேரத்தில் ஏறக்குறைய முழுவதையும் ஒரு பிள்ளை பந்தில்லாமல்தான் கழிக்கிறது. அந்த நேரத்துக்கான பாடத்தை யாரும் எடுப்பதில்லை. ஆட்டத்தில் மூன்றே நிலைமைதான் உண்டு என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: பந்து நம்மிடம், பந்து அவர்களிடம், பந்து யாரிடமும் இல்லை. இடையிடையே விசிலை ஊதி ஆட்டத்தை அப்படியே நிறுத்தி, "இப்போது எது?" என்று கேளுங்கள். முதல் வாரம் இந்தக் கேள்வி ஒன்றே போதும்.

பந்து நம்மிடம் இருக்கும்போது, அதை வைத்திருப்பவருக்குப் பின்னால் ஒருவர், பக்கத்தில் ஒருவர், முன்னால் ஒருவர் வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு இந்தத் தூரம் 5 முதல் 10 மீற்றர் இருந்தால் போதுமானது. அதைவிட முக்கியமானது கோணம். எதிரணி ஆளுக்குப் பின்னால் மறைந்து நின்றுகொண்டு, "எனக்குத் தாறாங்க இல்ல" என்று குறைசொல்லும் பிள்ளைக்குத் தான் மறைந்து நிற்பது தெரியாது. இதை வாயால் விளக்கி விளக்கிக் களைத்த பிறகு ஒருநாள் வீட்டிலிருந்து கொடிக்கயிறு ஒன்றைக் கொண்டுபோனேன். ஒரு முனையைப் பந்து வைத்திருந்த சிறுமியிடமும் மறு முனையை அந்தச் சரிவுப் பக்கத்துப் பையனிடமும் கொடுத்து, இருவருக்கும் நடுவில் எதிரணி ஆளாக இன்னொருவனை நிறுத்தினேன். கயிற்றை இழுத்துப் பிடித்ததும் அது நடுவில் நின்றவனின் முழங்காலில் முட்டியது. "கயிறு முட்டாத இடத்துக்குப் போ" என்றேன். அவன் யோசித்துவிட்டு இடப்பக்கம் இரண்டு எட்டு வைத்தான், கயிறு விடுபட்டது. "இவ்வளவுதானா சேர்?" என்று கேட்டான். பிறகு நடுவில் நின்றவனை அசையச் சொன்னேன்; அவன் ஒவ்வொருமுறை அசையும்போதும் இவனும் ஓரிரு எட்டு வைக்க வேண்டியிருந்தது. நாங்கள் மூன்று பயிற்சி நாள்களில் பத்துப் பத்து நிமிடம் அந்தக் கயிறோடு விளையாடினோம். அதன்பின் போட்டியில் "ஓடு" என்று கத்த வேண்டியிருக்கவில்லை; "கயிறு" என்று ஒரு சொல் சொன்னால் போதுமாயிருந்தது.

பந்திலிருந்து தூரத்தில், மறு ஓரத்தில் நிற்கும் பிள்ளைக்கும் வேலை உண்டு. பந்து நம்மிடம் இருக்கும்போது அந்தப் பிள்ளை ஓரக்கோட்டை ஒட்டி அகன்றே நிற்க வேண்டும். அப்படி நின்றால் எதிரணியில் ஒருவராவது அங்கே இழுபட்டு நிற்க வேண்டிவரும், நடுவில் நம்மவருக்கு இடம் கிடைக்கும். பந்து அவர்களிடம் போனவுடன் அதே பிள்ளை உள்ளே ஒடுங்கி வர வேண்டும். பந்தைத் தொடாமலேயே அணிக்கு உதவுகிறோம் என்று ஒரு பிள்ளை உணர்வதற்கு இந்த அகல்வதும் ஒடுங்குவதும் நல்ல வழி. அதை நீங்கள் கண்டதும் பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும். கோல் போட்டவனை எல்லோரும் பாராட்டுவார்கள், அதற்கு நீங்கள் தேவையில்லை.

பந்து அவர்களிடம் இருக்கும்போது கிட்டே நிற்பவர் போய் மறிக்கிறார், அடுத்தவர் அவருக்குப் பின்னால் காவலாக நிற்கிறார், மீதிப்பேர் பந்துக்கும் நமது கோலுக்கும் இடையில் வந்து சேர்கிறார்கள். யாரிடமும் இல்லாத பந்துக்கு ஒரே விதிதான்: இருவர் போகக் கூடாது, ஒருவராவது போகாமலும் இருக்கக் கூடாது. இதற்கு வாய் திறந்து பேச வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

8 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் இவற்றில் எதையும் எதிர்பார்க்காதீர்கள். அவர்கள் கலைந்த தேன்கூட்டைப்போல் பந்தைச் சுற்றியே மொய்ப்பார்கள். அந்த வயதில் அது இயல்பு. ஆளைக் குறைத்து, பந்தைக் கூட்டிக் கொடுத்தால் போதும்.

பார்ப்பதும் கூப்பிடுவதும்

பந்து காலுக்கு வந்த பிறகு எங்கே கொடுப்பது என்று தேடும் பிள்ளையிடமிருந்து அது உடனே பறிபோகும். இரண்டு தடவை பறிகொடுத்த பிள்ளை மூன்றாம் தடவை பந்தைக் கேட்காது. நோர்வே நாட்டு ஆய்வாளர் கெயர் யோர்டெட், இங்கிலாந்து பிரீமியர் லீக் வீரர்களின் ஒளிப்பதிவுகளை ஆராய்ந்து, பந்து வருமுன் அடிக்கடி தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்ப்பவர்களின் பாஸ்கள் கூடுதலாகச் சரியான ஆளைச் சேர்வதைக் காட்டியிருக்கிறார். இதைப் பழக்குவது எளிது. மூன்று பிள்ளைகள் முக்கோணமாக நின்று பந்தைப் பரிமாறும்போது, பந்தை வாங்கப்போகும் பிள்ளைக்குப் பின்னால் நீங்கள் நின்று விரல்களைக் காட்டுங்கள். பந்து அந்தப் பிள்ளையின் காலை அடையுமுன் திரும்பிப் பார்த்து, எத்தனை விரல் என்று உரக்கச் சொல்ல வேண்டும். முதல்நாள் பாதிப்பேர் பந்தைத் தவறவிடுவார்கள், விடட்டும்.

பிற்பகலில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் மறு ஓரத்தில் நிற்பவரை உங்களாலேயே காண முடியாது. அப்போது குரல்தான் கண். ஆனால் நமது பிள்ளைகளில் பலர் பெரிய மைதானத்தில், அதுவும் நகரத்துப் பாடசாலை அணிக்கு முன்னால், வாயே திறப்பதில்லை. "பேசுங்கள், பேசுங்கள்" என்று சொல்வதால் பயனில்லை. எந்தச் சொல்லைச் சொல்வது என்று கொடுக்க வேண்டும். எங்கள் அணியில் நாலு சொல்தான்: ஆள் நெருங்கினால் "ஆளு", நேரம் இருந்தால் "தனி", திருப்பிக் கேட்டால் "பின்னால", தானே எடுப்பதானால் "எனக்கு". உங்கள் பிள்ளைகள் கிரிக்கெட்டிலோ கிளித்தட்டிலோ ஏற்கனவே கத்தும் சொற்கள் இருந்தால் அவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். சிங்களப் பிள்ளைகளும் சேர்ந்த அணியாக இருந்தால் சொற்களை அவர்களே கூடித் தீர்மானிக்கட்டும். நீங்கள் தலையிடாமலிருந்தால் அரை மணித்தியாலத்துக்குள் இரண்டு மொழியும் கலந்த நல்ல பட்டியல் ஒன்று வரும். பிறகு சிறு ஆட்டமொன்றை வைத்து, கூப்பிடாமல் வாங்கிய பந்து எதிரணிக்கு என்று சொல்லிவிடுங்கள்.

போட்டி நாளில்

இறங்குமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு வேலையைத் தனியாகக் காதோடு சொல்லுங்கள். "நல்லா விளையாடு" என்பது வேலையல்ல. "இந்தப் பாதியில் மூன்று தடவை கயிறு முட்டாத இடத்தில் நின்று பந்தைக் கேள்" என்பது வேலை. இடைவேளையில் செய்தாயா என்று கேட்க முடியும், அந்தப் பிள்ளைக்கும் விடை தெரியும்.

ஒதுங்கி நிற்கும் பிள்ளையை ஆட்டத்துக்குள் கொண்டுவர நான் கண்ட மிகச் சுருக்கமான வழி, பந்து ஓரக்கோட்டைத் தாண்டி வெளியே போனால் கிடைக்கும் எறிபந்தை அந்தப் பிள்ளையிடம் ஒப்படைப்பதுதான். சட்டம் எளியது: மைதானத்தை நோக்கி நின்று, இரண்டு பாதங்களின் ஒரு பகுதியாவது கோட்டிலோ கோட்டுக்கு வெளியிலோ தரையில் பட்டிருக்க, இரு கைகளாலும் தலைக்குப் பின்னாலிருந்து தலைக்கு மேலாக எறிய வேண்டும். எதிரணியினர் 2 மீற்றருக்குள் வரக் கூடாது. எறிபந்திலிருந்து நேரடியாக வாங்குபவருக்கு ஓவ்சைட் (எதிரணிப் பின்களத்தாரைத் தாண்டி நின்று பந்து வாங்கும் தவறு) கிடையாது. எறியும் கணத்தில் ஆட்டம் முழுவதும் அந்தப் பிள்ளைக்காகக் காத்திருக்கிறது. அதோடு, எறிந்துவிட்டு உள்ளே வரும் ஆளை எதிரணியில் யாரும் கவனிப்பதில்லை. எறிந்தவுடன் இரண்டு எட்டு உள்ளே வைத்துப் பந்தைத் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள். காலுக்கு ஒரு பந்து நிச்சயம் வரும். அதேபோல, 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கோல் உதை பெனால்டிப் பிரதேசத்தைத் தாண்டிப் போக வேண்டியதில்லை; உதைத்துப் பந்து அசைந்தவுடனே ஆட்டம் தொடங்குகிறது. எனவே கோல் காப்பாளர் கிட்டே நிற்கும் பின்கள ஆட்டக்காரருக்கே பந்தைக் கொடுக்கலாம். எல்லாப் பந்தையும் உயர உதைத்து மைதானத்தின் நடுவில் போடும் வழக்கம் பின்களப் பிள்ளைகளைத் தூண்களாக்கிவிடுகிறது.

வெளியே போன ஆட்டக்காரர் மீண்டும் உள்ளே வருவதைச் சிறுவர் ஆட்டங்களில் அனுமதிக்கலாம் என்று உலகச் சட்டம் சொல்கிறது. உங்கள் போட்டி அமைப்பாளர்கள் அனுமதித்திருக்கிறார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். அனுமதித்திருந்தால் முழுவதும் பயன்படுத்துங்கள். கடைசி 3 நிமிடம் மட்டும் இறக்கப்படும் பிள்ளை, தன்னை யாரும் நம்பவில்லை என்பதைத்தான் கற்றுக்கொள்கிறது. வெளியில் நிற்பவர்களுக்குக் கம்பளிச் சட்டையோ சாக்கோ ஏதாவது போர்த்தக் கொடுங்கள். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்துக் காற்றில் கால் மணித்தியாலம் விறைத்து நின்ற பிள்ளை உள்ளே போனவுடன் ஓடாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி கேட்டால் யோசிக்காமல் ஆட்டத்தை நிறுத்திக் கட்டடத்துக்குள் கொண்டுபோங்கள், மரத்தடிக்கல்ல.

எல்லாப் பந்தையும் தானே எடுத்துக்கொண்டு ஓடும் கெட்டிக்காரன் ஒருவன் எந்த அணியிலும் இருப்பான். எல்லோரும் ஒருமுறை தொட்ட பிறகுதான் கோல் செல்லும் என்று பயிற்சியில் ஒரு விதி வைப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிள்ளைகள் சின்னவனுக்கு ஒரு தட்டு, உடனே திருப்பி ஒரு தட்டு என்று கணக்கை முடித்துவிட்டு முன்போலவே ஆடுவார்கள். சின்னவனுக்கோ தான் ஒரு சடங்கு என்பது விளங்கிவிடும். அதைவிட, கெட்டிக்காரனைப் பலவீனமான அணியில் போட்டு, அவன் கொடுத்த பந்தில் அடுத்தவர் போடும் கோலுக்கு 2 புள்ளி என்று வையுங்கள். அவன் தானாகவே மற்றவர்களை எங்கே நிற்பதென்று சொல்லித்தரத் தொடங்குவான், உங்களைவிட நன்றாகவும் சொல்லித்தருவான்.

பெண்பிள்ளைகள் கலந்து ஆடும்போது அவர்களைப் பின்களத்திலேயே நிறுத்திவைக்கும் பழக்கம் எங்கும் உண்டு. இடங்களை முறைவைத்து மாற்றினால் அது தானே போகும்.

ஓரக்கோட்டில் நிற்கும் பெரியவர்கள்

ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குத் தோட்டமே திரண்டு வரும். "அடிடா", "வெளிய அடி", "ஏன்டா நிக்கிற" என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல் வரும். பிள்ளை ஒரு முடிவெடுக்குமுன் நாலு முடிவு காதில் விழும். ஆட்டத்துக்கு முன் பெற்றோரைக் கூட்டி, கைதட்டுங்கள், பெயர் சொல்லி உற்சாகப்படுத்துங்கள், எங்கே உதைப்பது என்று மட்டும் சொல்லாதீர்கள் என்று பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லோரும் கேட்கமாட்டார்கள். சத்தம் கூடிய மாமா ஒருவரைக் கூப்பிட்டு உங்கள் கொப்பியையும் பென்சிலையும் கொடுத்து, ஒரு பிள்ளையின் தொடுதல்களை எண்ணச் சொல்லுங்கள். எண்ணுகிறவரால் கத்த முடியாது.

பந்து ஆட்டத்தில் இருக்கும்போது நீங்களும் வாயை மூடிக்கொண்டிருங்கள். பந்து வெளியே போனபோது ஒரு வசனம் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்ததும் தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில், வென்றதையும் தோற்றதையும் விட்டுவிட்டு, கொடுத்த வேலையை மட்டும் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் எண்ணைக் கொப்பியில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இப்படி ஆறு வாரம் செய்த பிறகு எங்கள் சரிவுப் பக்கத்துப் பையனை மறுபடியும் 20 நிமிடம் எண்ணினேன். காலால் 11, கையால் 6. அந்த ஆறும் எறிபந்து.